சூனியக்காரிய காட்டாத பேய்ப்படம்

கேள்வி: 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்த மொபைல்ல பாத்தேன், சூனியக்காரிய கடைசி வரைக்கும் காட்டவே இல்லியே, இதுக்கா எல்லாரும் பயந்தாங்க? – வாசகர், தக்கலை

பதில்: காட்டாததுதாங்க அந்த படத்தோட பலமே! 1999-ல வந்தப்பவும் ஜனம் ரெண்டாத்தான் பிரிஞ்சுது, பாதி பேரு அரண்டுட்டாங்க, பாதி பேரு ஏமாத்திட்டானுவன்னு திட்டுனாங்க, நடிச்சவங்களே கேமராவ தூக்கிட்டு காட்டுல ஓடுனதுல படம் ஆடுன ஆட்டத்துல, பாத்தவங்கள்ல தலைசுத்தி வாந்தி எடுத்தவங்களும் உண்டு. நடிச்சவங்க நெசமாவே காணாம போனதா வெப்சைட்ல பரப்புனத நம்பி பாத்தவங்களுக்கு பயம் இன்னும் கூடுதல். நமக்கு வில்லுப்பாட்டுல இசக்கியம்மன் கதைய விலாவாரியா கேட்டு வளந்த காது, கூடோத்திரம்னா, அதாவது செய்வினைன்னா, தகடாவது தோண்டி எடுக்கணும். அங்க மரத்துல தொங்குற குச்சி பொம்மைதான். ராத்திரி லைட்ட அணைச்சு ஹெட்போன் மாட்டிட்டு, கூடாரத்துக்கு வெளிய பிள்ளைங்க சத்தம் கேக்குற சீன மட்டும் இன்னொருக்கா பாருங்க.