ஹாபிஸ் சொல்லும் ஜோசியம்

வணக்கம்.

பாரசீகக் கவிதைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் ஈரானுக்குப் போனதில்லை, மொழியும் தெரியாது. கவிமணியின் தமிழில் உமர் கய்யாம் படித்ததில் தொடங்கி, கம்பளங்கள், இஸ்பஹான் மசூதிகளின் நீல ஓடுகள், சில திரைப்படங்கள் என்று ஒரு மோகமே வளர்ந்துவிட்டது. வெளிநாட்டவரிடம் டாக்ஸிக்காரர்கூடக் காசு வாங்கமாட்டாராம், படித்து நெகிழ்ந்துபோனேன். ஆனால் என் தோழி, “நீ ரசிப்பது உன் தலைக்குள் இருக்கும் ஒரு நாட்டை” என்கிறாள். அவள் சொல்வது சரியா? மொழி தெரியாத ரசனை வெறும் பாவனையா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

தோழி சொல்வதில் பாதி சரி. கய்யாமையே எடுத்துக்கொள்ளுங்கள். 1859இல் ஃபிட்ஸ்ஜெரால்டு செய்த ஆங்கில ஆக்கம்தான் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கவிமணியும் அந்த ஆங்கிலத்தைத் தழுவியே எழுதினார். ஈரானியர் ஒருவரிடம் பெரிய கவிஞர்கள் யார் என்று கேட்டால் ஃபிர்தௌசி, சாதி, ஹாபிஸ், ரூமி என்றுதான் பெரும்பாலும் தொடங்குவார். கய்யாம் அங்கே கணிதம், வானியல் என்று பெரிய அறிஞர். 1079இல் வந்த ஜலாலி நாட்காட்டியை வகுத்த குழுவில் இருந்தவர். அவர் பெயரில் உலவும் நாலடிப் பாடல்களில் எவை அவருடையவை என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதற்காகக் கவிமணியைக் கீழே வைக்கவேண்டாம். அவை நல்ல தமிழ்க் கவிதைகள். அவற்றை வைத்து ஈரானை அளக்காமல் இருந்தால் போதும்.

என்னை ஈர்த்தது ஹாபிஸை அந்த ஊர்க்காரர்கள் புழங்கும் விதம். 14ஆம் நூற்றாண்டு ஷீராஸ்காரர். அவருடைய திவான், அதாவது கவிதைத் தொகுப்பு, பல வீடுகளில் குர்ஆனோடு சேர்ந்து இருக்கும். டிசம்பர் 20 அல்லது 21, வருடத்தின் மிக நீண்ட இரவு. யல்தா என்பார்கள். குடும்பம் மொத்தமும் தாத்தா பாட்டி வீட்டில் கூடும். மாதுளை, தர்ப்பூசணி, பாதாம்போன்ற கொட்டை வகைகள் எல்லாம் வந்துவிடும். ஒவ்வொருவராக மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ள, பெரியவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு திவானைத் திறந்து, வந்த கஜலை, அதாவது ஈரடிகளால் ஆன கவிதையை, உரக்கப் படிப்பார். கல்யாணம் நடக்குமா, வேலை கிடைக்குமா, எல்லாவற்றுக்கும் ஹாபிஸ் பதில் சொல்லியாகவேண்டும். அவர் பாடியதோ மதுவும் காதலும் போலித் துறவிகளின் மேல் கிண்டலும். எதற்கும் நேரடியாகப் பதில் சொல்லும் ஆள் இல்லை. அதனால் அந்தக் கஜல் என்ன சொல்கிறது என்ற வாக்குவாதத்திலேயே பாதி இரவு போய்விடும். கவிதை விமர்சனம் என்று நாம் கருத்தரங்கு போட்டுச் செய்வதை அவர்கள் மாதுளை உரித்துக்கொண்டே செய்துவிடுகிறார்கள்.

ஷீராஸில் அவர் சமாதி ஒரு தோட்டத்துக்குள் இருக்கிறது. இப்போதுள்ள எண்கோண மண்டபம் 1930களில் கட்டியது. வருபவர்கள் சலவைக்கல்லில் இரண்டு விரலை வைத்து, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதிவிட்டு, அப்படியே ஒரு கஜலையும் சொல்வார்கள். வாசலில் சின்னப் பறவையோடு நிற்பவரிடம் காசு கொடுத்தால், அது அலகால் ஒரு சீட்டை எடுத்துத் தரும். நம் கிளி ஜோசியமேதான். சீட்டில் இருப்பது மட்டும் ஹாபிஸின் வரி.

கம்பளத்துக்கும் இதே கதைதான். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அர்தபில் கம்பளத்தை நீங்கள் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1539-40இல் நெய்தது, பத்து மீட்டருக்கும் மேல் நீளம். 1893இல் 2000 பவுனுக்கு வாங்கினார்கள். சாயம் மங்கக்கூடாது என்று அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிடம்தான் முழு வெளிச்சம் போடுகிறார்கள். அதன் ஒரு முனையில் ஹாபிஸின் கஜல் வரிகள், கீழே காஷானைச் சேர்ந்த மக்சூத் என்பவரின் பெயர். அருமையான பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் கம்பளம் என்பது தரையில் கிடப்பது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அதன் மேல் சோஃப்ரே என்ற விரிப்பைப் போட்டுச் சட்டியின் அடியில் முறுகிய சோற்றுக்குப் பிள்ளைகள் சண்டை போடும் இடம் அது. உங்கள் கண் வேலைப்பாட்டோடு நின்றுவிடாமல் இதற்கும் பழகட்டும்.

டாக்ஸி விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து காசைக் கொடுத்துவிடுங்கள்! “வேண்டாம், இதற்கென்ன” என்பது தாரோஃப் என்ற உபசார வழக்கு. அவர் மறுக்கவேண்டும், நீங்கள் வற்புறுத்தவேண்டும், இரண்டாவதோ மூன்றாவதோ முறையில் அவர் வாங்கிக்கொள்வார். நன்றி சொல்லிவிட்டு இறங்கிப்போனால் அவருடைய கூலி போச்சு. கதவருகே “நீங்கள் முதலில்” என்று இரண்டு பேர் நின்றுகொண்டே இருப்பதும் இதே வழக்கில்தான். ஈரானியர்களே இதைச் சலித்துக்கொள்வதும் கேலி செய்வதும் உண்டு. இதைத் தியாகம் என்று உருகுவதும் பிழை, பொய் என்று முகம் சுளிப்பதும் பிழை. நிஜமான விருந்தோம்பலும் அங்கே ஏராளம். இது உபசாரமா உண்மையா என்று பிரித்தறிவது அங்கே வளர்ந்தவர்களுக்குத் தானாக வரும். நாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும்.

பாரசீகம் என்றால் ஈரான் மட்டும் என்றும் நினைக்கவேண்டாம். ஆப்கானிஸ்தானில் தரி, தஜிகிஸ்தானில் தஜிக் என்று அதே மொழிதான் வேறு பெயரில் இருக்கிறது. தஜிக்கை ரஷ்ய எழுத்தில் எழுதுகிறார்கள். நுண்ணோவியத்தில் பெரிய பெயரான பெஹ்ஸாத் ஹெராத்காரர். அந்த ஊர் இப்போது ஆப்கானிஸ்தானில்.

மொழி தெரியாத ரசனை பாவனை இல்லை. அதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அவ்வளவுதான். எல்லையைத் தள்ளிப்போட நினைத்தால் மொழியைத் தொட்டுப்பாருங்கள், பயப்படுமளவுக்குக் கடினமில்லை. தமிழ்போலவே வினைச்சொல் கடைசியில் வரும். பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால், பெண்பால் கிடையாது. 32 எழுத்துகள். குறில்களை எழுதமாட்டார்கள், தொடக்கத்தில் திணறவைப்பது அதுதான். அதனால் முதலில் காதால் கேளுங்கள். 2020இல் மறைந்த முகமது ரெசா ஷஜாரியான் ஹாபிஸைப் பாடிய பதிவுகள் நிறைய இருக்கின்றன. கஞ்சூர் என்ற இணையதளத்தில் திவான் முழுவதும் கிடைக்கிறது, பல கஜல்களுக்கு வாசிப்பு ஒலியும் உண்டு. முதல் கஜலிலிருந்தே தொடங்கலாம். பாடியதைக் கேட்டுக்கொண்டே எழுத்தை விரலால் தொடர்ந்து வாருங்கள். எங்கே தடுக்கிறது என்று எழுதுங்கள்.