தோனி கையெழுத்துப் போட்ட பேட்டுக்கு நானே செய்த ஸ்டாண்ட், விற்கலாமா?

கேள்வி: தோனி கையெழுத்துப் போட்ட பேட் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை வைக்க பிளெண்டர் என்ற த்ரீடி டிசைன் சாஃப்ட்வேரில் நானே ஸ்டாண்ட் வடிவமைத்தேன். கிளவுஸ் போட்ட இரண்டு கைகள் பேட்டைத் தாங்கும், பின்னால் தோனியின் மார்பளவுச் சிலை, பீடத்தில் சிஎஸ்கே சிங்கம். முகம் எனக்குச் சரியாக வராததால் ஒரு ஃப்ரீலான்சர் பணம் வாங்கிக்கொண்டு, நெட்டில் கிடைத்த போட்டோவைப் பார்த்துச் செய்து கொடுத்தார். இன்ஸ்டாவில் போட்டதும் பலர் விலை கேட்கிறார்கள். த்ரீடி பிரிண்ட் எடுத்து விற்கலாமா? ஃபைலை மட்டும் விற்கலாமா? (வாசகர், கோவை)

பதில்: உங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் வரை கவலையே வேண்டாம். சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 அனுமதிக்கிறது. விலை சொல்லும்போதுதான் சிக்கல் ஆரம்பம். இதே வடிவத்தில் விற்காதீர்கள்.

பேட் உங்களுடையது, அதை அப்படியே யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஆனால் தோனியின் முகத்தையும் பெயரையும் வைத்துப் பொருள் செய்து விற்கும் உரிமை பேட்டோடு சேர்ந்து வராது. 2015-ல் ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், பிரபலமானவர் இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலே உரிமை மீறல்தான், மக்கள் குழம்பினார்கள் என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்று சொன்னது. அதனால் ‘அதிகாரப்பூர்வ பொருள் அல்ல’ என்று பெட்டியில் அச்சடிப்பது உங்களைக் காப்பாற்றாது. பாடகர் தலேர் மெஹந்தி போல இருந்த பொம்மைகளை விற்றதற்கு 2010-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டது, உங்கள் சிலைக்கு ரொம்பப் பக்கத்தில் வரும் வழக்கு அது. ரசிகனாக ஆசைப்பட்டுத்தான் செய்தீர்கள் என்பது எனக்குப் புரிகிறது, ஆனால் காசு வாங்கிய பிறகு அந்த வாதம் நிற்காது.

சிங்கம் அணியின் டிரேட்மார்க், அதோடு ஓவியம் என்ற வகையில் பதிப்புரிமையும் உண்டு. அப்புறம் அந்த போட்டோ. அது எடுத்தவருக்கோ எடுக்கச் சொன்னவருக்கோ சொந்தமாக இருக்கும், அதைப் பார்த்து அப்படியே சிலையாக வடிப்பதும் பிரதி எடுப்பதுதான் என்கிறது பிரிவு 14. ‘ஃபைல்தானே, பொருள் இல்லையே’ என்றும் சொல்ல முடியாது, மின்னணு வடிவில் சேமிப்பதையே அந்தப் பிரிவு பிரதி என்கிறது. சொல்லப்போனால் ஃபைல் விற்பது இன்னும் ஆபத்து, ஏனென்றால் வெளியே போன ஃபைலை நாளைக்கு நோட்டீஸ் வந்தால் உங்களால் திரும்ப வாங்க முடியாது. தெரிந்தே செய்தால் பிரிவு 63-ன்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முகத்தையும் சிங்கத்தையும் எடுத்துவிடுங்கள். பேட்டைப் பிடித்திருக்கும் அந்தக் கைகள்தான் உங்கள் சொந்தக் கற்பனை, அதை வெறும் பேட் ஸ்டாண்டாகத் தாராளமாக விற்கலாம். விளம்பரத்தில் தோனி பெயர், ஹேஷ்டேக், கையெழுத்துப் போட்ட பேட் எதுவும் வேண்டாம், சாதாரண பேட்டை வைத்துப் படம் எடுங்கள்.

நிறைய செய்யும் எண்ணம் இருந்தால் டிசைன் பதிவு, அதாவது பொருளின் வடிவத்தை உங்கள் பெயரில் அரசிடம் பதிவது, அவசியம். பதியத்தக்க டிசைனைப் பதியாமல் 50 பிரதிகளுக்கு மேல் உற்பத்தி செய்தால் பதிப்புரிமையும் போய்விடும். பதிந்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு பாதுகாப்பு. ஆனால் ஏற்கெனவே வெளியான வடிவத்தைப் பதிய முடியாது, நீங்களோ இன்ஸ்டாவில் போட்டுவிட்டீர்கள். அதனால் பழையதிலிருந்து நன்றாக வேறுபடும்படி புது வடிவம் செய்து, விண்ணப்பம் போட்ட பிறகே வெளியே காட்டுங்கள்.

அந்த ஃப்ரீலான்சர் முகத்தோடு நிற்காமல் கைகளையும் திருத்தியிருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. பணம் கொடுத்துச் செய்யச் சொன்னாலும் சிற்பத்தின் முதல் உரிமையாளர் செய்தவர்தான், அவர் உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் அல்லவே. உரிமையை மாற்றிக் கொடுப்பதாக அவரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அதில் எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்பது கட்டாயம் இருக்கட்டும், எழுதாமல் விட்டால் சட்டம் அதை 5 ஆண்டு, இந்தியா மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்ளும்.