மூன்றாவது கோலுக்கு வந்த சந்தோஷம்

அன்புள்ள அண்ணா,

உதைபந்தாட்டம் பற்றி நீங்கள் இடைக்கிடை எழுதுவதை விடாமல் வாசிப்பவன் நான். வீடு கொட்டாஞ்சேனை, கடை செட்டியார் தெரு. சின்ன வயதிலிருந்தே இங்கிலாந்தின் மன்செஸ்டர் யுனைடெட் கழகம்தான். ஞாயிறு (2025 செப்டெம்பர் 14) இரவு அதே ஊர் மன்செஸ்டர் சிட்டியிடம் 3-0 என்று தோற்ற மெட்ச்சை மகனோடு இருந்து பார்த்தேன். முடிந்த பிறகு முகாமையாளர் அமோரிம் வந்து, தன் முறையை மாற்றப் போவதில்லை, மாறவேண்டும் என்றால் ஆளைத்தான் மாற்றவேண்டும் என்கிறார். 31 லீக் மெட்ச்சில் 31 புள்ளி எடுத்தவர் பேசுகிற பேச்சா இது?

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. மூன்றாவது கோல் விழுந்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இன்னும் இரண்டு விழுந்தால் நாளைக்கே இவரை அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். பக்கத்தில் என் மகன் அழுதுகொண்டிருக்கிறான். எட்டு வயது. இப்படி நினைப்பவன் ரசிகனா அண்ணா? மூத்த ஆட்களைக் கேட்டால் "நம் பழைய முகாமையாளர் பெர்கியூசனுக்கும் முதலில் இப்படித்தான், பொறுமையாக இரு" என்கிறார்கள். நீங்கள் சொல்லுங்கள்.

- ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

அன்புள்ள தம்பி,

அந்தச் சந்தோஷம் எனக்குத் தெரியும். 2014 ஏப்ரல், உயிர்த்த ஞாயிறு இரவு. வெள்ளவத்தையில் நண்பர் வீட்டில் ஐந்து பேர் இருந்து எவர்ட்டனுடனான மெட்ச் பார்க்கிறோம். டேவிட் மோயஸ் யுனைடெட்டின் முகாமையாளராக வந்து பத்து மாதம். முதல் பாதி முடிவதற்குள் எவர்ட்டன் இரண்டாவது கோலையும் போட்டது. என் கை தானாகப் பொத்திக்கொண்டது. நம் அணி கோல் போட்டால் கையை மூடுவோமே, அதே மாதிரி. நண்பர் கண்டுவிட்டார். "நீ யாருக்கடா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மோயஸை நீக்கினார்கள். நான் நினைத்தது நடந்தது.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே தேவையில்லை. அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை. வான் ஹால் வந்தார், மொரீனியோ வந்தார். அணி கொஞ்சம் சறுக்கினால் போதும், நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகாமையாளர் இருக்கும் பெஞ்சைப் பார்க்கத் தொடங்குவேன். எழும்பினாரா, இருக்கிறாரா, முகம் எப்படி இருக்கிறது, இன்னும் எத்தனை தோல்வி தாங்குவார். நடுச்சாமம் கடந்து நித்திரை முழித்து நான் பார்த்தது ஒரு மனிதனின் வேலை போவதை. விளையாட்டு எங்கேயோ பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது.

அமோரிம் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மேல் உங்களுக்கு வரும் கோபம் எனக்கும் உண்டு. பின்னால் மூன்று தடுப்பு வீரர்களை வைத்து ஆடும் அவருடைய முறை கெட்ட முறை இல்லை. ஸ்போர்ட்டிங் லிஸ்பனுக்கு 2021இலும் 2024இலும் அதே முறையில் சம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். யுனைடெட்டில் வலிக்கிற இடம் நடுக்களம். அங்கே நமக்கு இரண்டு பேர், எதிரணிக்கு மூன்று பேர். அந்த இரண்டில் ஒருவர் புரூனோ பெர்னாண்டஸ். கோலுக்குப் பக்கத்தில் நின்று கடைசிப் பாஸ் கொடுக்கவேண்டிய மனிதரைக் கீழே இறக்கி, ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடிக்கச் சொல்கிறார்கள். ஞாயிறு இரவு முதல் கோலை நினைத்துப் பாருங்கள். சிட்டியின் ஃபோடன் நடுவிலிருந்து உள்ளே ஓடிவந்து தனியே நின்று தலையால் முட்டினார். கொட்டாஞ்சேனையில் சோபாவில் இருந்த உங்களுக்குத் தெரிந்த ஓட்டை அமோரிமுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் அடைக்கவில்லை. என் கோபம் அங்கேதான்.

அதே நேரம், இவரை யார் கூட்டிவந்தார்கள்? மூன்று பேர் முறையைத் தவிர வேறு ஆடமாட்டார் என்று தெரிந்துகொண்டே, நான்கு பேர் முறைக்கு வாங்கிச் சேர்த்த ஆட்களை அவரிடம் கொடுத்தார்கள். பருவம் முடிய வருகிறேன் என்று கேட்டவரை, இப்போது வந்தால்தான் உண்டு என்று சொல்லி 2024 நவம்பரில், பருவத்துக்கு நடுவில் இறக்கினார்கள். 2013இல் பெர்கியூசன் விலகிய பிறகு இவர் ஆறாவது நிரந்தர முகாமையாளர். ஒவ்வொருவரும் தனக்கென்று ஆட்களை வாங்குவார், அடுத்து வருபவர் அவர்களை ஓரத்தில் இருத்துவார். கடை நடத்துபவர் நீங்கள். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சரக்கு எடுத்துப்போட்ட கடையை ஆறாவது ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

பெர்கியூசன் கதையை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். அதாவது, கதை உண்மை. 1989 டிசம்பரில் யுனைடெட்டின் சொந்த அரங்கான ஓல்ட் ட்ரஃபர்டில் ஒரு ரசிகர் படுக்கை விரிப்பில் எழுதியே பிடித்தார், மூன்று வருடமாகச் சாக்குப்போக்குத்தான், போய் வாரும் என்று. அடுத்த மே மாதம் பெர்கியூசன் எஃப்ஏ கிண்ணத்தைத் தூக்கினார், 1993இல் லீக்கையும் வென்றார். ஆனால் அந்த மூன்று வருடத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. நன்றாக ஆடும் பிள்ளைகளைத் தேடிக் கழகத்தில் சேர்க்கும் வேலையை ஆரம்பத்திலிருந்து திருத்திக் கட்டினார், குடித்துத் திரிந்த பெரிய வீரர்களை வெளியே அனுப்பினார், 1988இல் ஒருமுறை இரண்டாம் இடமும் வந்தார். தோல்விக்கு அடியில் ஏதோ வளர்ந்துகொண்டிருந்தது. காலம் கொடுத்தால் எல்லாரும் பெர்கியூசன் ஆகமாட்டார்கள். அடியில் என்ன வளர்கிறது என்று பார்க்கவேண்டும். இன்றைக்கு நான் பார்க்கும்போது கோபி மைனூ தெரிகிறார். கழகமே வளர்த்த பிள்ளை, இருபது வயது. லீக் மெட்ச்சில் மாற்று வீரராகப் பெஞ்சில் இருக்கிறார், வேறு கழகத்துக்காவது ஆடப் போகிறேன் என்று ஓகஸ்ட் கடைசியில் கேட்டும் விடவில்லை. அதனால் சொல்கிறேன், அமோரிம் போகவேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் எந்தப் பிழையும் இல்லை. எனக்கும் நம்பிக்கை குறைந்துகொண்டுதான் வருகிறது.

ஆனால் தோற்கவேண்டும் என்று நினைக்காதீர்கள், தம்பி. அதே மைனூவை வைத்தே சொல்கிறேன். 2024 மே 25, எஃப்ஏ கிண்ண இறுதி, இதே சிட்டி. வென்றாலும் தோற்றாலும் அப்போதைய முகாமையாளர் டென் ஹாக் போகிறார் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. அவர் போகட்டும் என்று எனக்கும் இருந்தது. அன்றைக்கு நான் பெஞ்சைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு இருந்தேன். கர்னாச்சோ உள்ளே தட்டிய பந்தை பெர்னாண்டஸ் நிமிர்ந்தும் பார்க்காமல் ஒரே தொடுகையில் பக்கத்துக்கு விட்டார். அங்கே மைனூ வந்துகொண்டிருந்தார். அவசரமே இல்லாமல், சொல்லிவைத்த மாதிரி, மூலைக்குள் வைத்தார். 19 வயது. நான் எழும்பிக் கத்திய கத்தலில் மேல் வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். 2-1, கிண்ணம் நமக்கு. அந்த வெற்றிதான் டென் ஹாக்கை இன்னும் ஐந்து மாதம் வைத்திருந்தது, அடுத்த பருவமும் அதனால் கெட்டது. இருக்கட்டும். அந்தக் கோலைத் திருப்பிக் கொடுத்தால் இன்றைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னாலும் கொடுக்கமாட்டேன்.

இங்கே கொழும்பில் சுகததாச அரங்கில் நமது கழகங்களின் மெட்ச்சுக்குப் போனால் கலரியிலிருந்து கத்துவது பயிற்றுநரின் காதில் விழும். சில நேரம் திரும்பி முறைப்பார். மன்செஸ்டருக்கு நம் குரல் போகாது, பிடிப்பதற்குப் படுக்கை விரிப்பும் இல்லை. போய்ச் சேர வழியில்லாத கோபம் அது. அதுதான் உள்ளே திரும்பி, சொந்த அணிக்கு எதிரான கோலில் சந்தோஷமாக வருகிறது என்று நினைக்கிறேன். உங்களைக் குற்றவாளியாக நான் பார்க்கவில்லை. ரசிகனா என்று கேட்கிற ஆள் ரசிகன்தான்.

மகன் அழுததை நினைத்து வருத்தப்படாதீர்கள். அவனுக்கு அமோரிம் யார், மூன்று பேர் முறை என்ன, ஒன்றும் தெரியாது. கோல் விழுந்தது, அழுதான். அவனை ஆறுதல்படுத்தும்போது முகாமையாளரைத் திட்டிக் காட்டவேண்டாம். பிள்ளைகள் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள், பிறகு அவனும் பெஞ்சைப் பார்க்கத் தொடங்குவான்.

செப்டெம்பர் 20, சனிக்கிழமை இரவு 10 மணிக்குச் செல்சியுடன் மெட்ச். அடுத்த நாள் பள்ளிக்கூடம் இல்லை, அவனையும் இருக்க விடுங்கள். நான் வெள்ளவத்தையில் பார்த்துக்கொண்டிருப்பேன். நமது அணி ஒரு கோல் போட்டால், எந்த நேரமானாலும் இரண்டு வரி எழுதிப் போடுங்கள், அவன் என்ன செய்தான் என்று.

அன்புடன்,
அண்ணா