டெபாசிட் கட்டாமல் வாடகை வீட்டுக்குக் கரண்ட் கனெக்ஷன் வாங்க முடியுமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். பனியன் கம்பெனி வேலைக்காகக் குடும்பத்தோடு திருப்பூர் வந்திருக்கிறீர்கள். நாலு போர்ஷன் உள்ள லைன் வீட்டில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். வீட்டுக்காரர், "சப் மீட்டர் இருக்குதுங்க, யூனிட்டுக்கு எட்டு ரூபாய். தனியா வேணும்னா எடுத்துக்கங்க, டெபாசிட் எல்லாம் உங்க பாடு" என்கிறார். சப் மீட்டர் என்றால், அவருடைய ஒரே கனெக்ஷனுக்குள் போர்ஷனுக்கு ஒன்றாக அவரே மாட்டியிருக்கும் மீட்டர். வெளியே ஒருவர் மூவாயிரம் கொடுத்தால் டெபாசிட்டே இல்லாமல் கனெக்ஷன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நம்பலாமா?

நான் அவினாசி, பெருமாநல்லூர் பக்கம் வீட்டு வயரிங் எடுத்துச் செய்கிறவன். வீட்டுக்காரர்களோடு ஈபி ஆபீஸில் போய் நிற்பது என் பிழைப்பில் பாதி. நேராகவே சொல்லிவிடுகிறேன்: புதுக் கனெக்ஷன் என்றால் டெபாசிட் உண்டு. இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்கிறவர் உங்கள் தலையில் மிளகாய் அரைக்கிறார். விண்ணப்பமே ஆன்லைனில்தான், பணமும் அப்படியேதான் போகிறது. எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் போடுகிற கணக்கில் நடுவில் நிற்கிறவர் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்க முடியாது.

டெபாசிட் ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் கோபம் பாதி குறையும். நம் ஊரில் கரண்ட் கடனுக்குத்தான் வருகிறது. ரெண்டு மாதம் எரித்த பிறகு ரீடிங் எடுக்கிறார்கள், அதற்கு மேல் கட்ட 20 நாள் அவகாசம். கட்டாவிட்டாலும் 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் ஃபியூஸைப் பிடுங்கக் கூடாது என்று மின்சாரச் சட்டம் 2003-இன் 56-ஆம் பிரிவு சொல்கிறது. மூட்டை கட்டிக்கொண்டு ஒருவர் போய்விட்டால் கிட்டத்தட்ட மூன்று மாதக் கரண்ட் போன மாதிரி. அதனால்தான் ரெண்டு மாத பில் வரும் வீடுகளுக்குச் சராசரி மாதச் செலவைப் போல மூன்று மடங்கு டெபாசிட் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ரெண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்த்து, ஏசி அது இது என்று உபயோகம் ஏறியிருந்தால் கூடுதல் டெபாசிட் கேட்பார்கள். "ஏசிசிடி" என்று பில்லோடு வந்து எல்லாரையும் திடுக்கிட வைப்பது அதுதான். கட்டண உயர்வு என்று நினைத்து என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, நான் என்னவோ மின்வாரியத் தலைவர் மாதிரி.

புதுக் கனெக்ஷனுக்குக் கட்டுவது எல்லாமே டெபாசிட் இல்லை. மின் உபயோகத்துக்கான காப்புத்தொகையும் மீட்டர் காப்புத்தொகையும் கனெக்ஷனை முடித்துக்கொள்ளும்போது பாக்கி போகத் திரும்பி வரும். பதிவுக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம் போன்றவை போனது போனதுதான். பலர் மொத்தத் தொகையையும் டெபாசிட் என்றே சொல்வதால் புதிதாக வருகிறவர்கள் மிரண்டு போகிறார்கள். காப்புத்தொகைக்கு வட்டி கொடுக்க வேண்டும், அது ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டுக்குக் குறையக் கூடாது என்பது அதே சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அந்த வட்டி பில்லில்தான் கழியும். ஆகவே கனெக்ஷன் வீட்டுக்காரர் பேரில் இருந்தாலும், பில் கட்டுகிறவர் நீங்கள் என்றால் வட்டி உங்களுக்குத்தான் வந்து சேருகிறது. இதை வீட்டுக்காரருக்கு ஞாபகப்படுத்த வேண்டாம்.

டெபாசிட் வேண்டாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கத்தான் செய்கிறது. அதே 47-ஆம் பிரிவின் 5-ஆவது உட்பிரிவு: முன்பணம் செலுத்தும் மீட்டரில், அதாவது ப்ரீபெய்டு மீட்டரில் கரண்ட் எடுக்கச் சம்மதிக்கிறவரிடம் டெபாசிட் கேட்க முடியாது. காசை முதலிலேயே வாங்கிவிட்டால் கடனும் இல்லை, காப்பும் வேண்டியதில்லை, நியாயம்தானே. உங்கள் கம்பெனியிலேயே பீகார்த் தம்பிகள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். ஊரில் அவர்கள் வீட்டு மீட்டருக்கு இங்கிருந்தே போனில் ரீசார்ஜ் செய்கிறார்கள். பேலன்ஸ் தீர்ந்தால் அங்கே கரண்ட் நின்றுவிடும், ஊரிலிருந்து திட்டு இங்கே வரும். ஆனால் திருப்பூரில் உங்கள் தெருவில் மாட்டியிருப்பது ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ரீடிங் எடுக்கிற மீட்டர். சட்டப் பிரிவைக் காட்டி கவுன்ட்டரில் வாதாடலாம், வீட்டுக்கு விளக்கு எரியாது.

இணையத்தில் "டெபாசிட் இல்லாத கரண்ட்" என்று ஓடுகிற வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைப் பற்றியவை. அங்கே 2002-இலிருந்து சில்லறை மின்விற்பனையில் போட்டி உண்டு. ஒரே வீட்டுக்குப் பல கம்பெனிகள் விலை சொல்லும், ஆளின் கடன் வரலாற்றைப் பார்த்து டெபாசிட்டை விடும், இல்லாவிட்டால் ப்ரீபெய்டில் சேர்க்கும். இங்கே நமக்கு விற்கிறவர் ஒருவர்தான். பழைய மின்வாரியம் 2010-இல் டான்ஜெட்கோ ஆனது, 2024-இல் பெயர் இன்னொரு முறை மாறியது. ஊர் வாயில் அன்றைக்கும் இன்றைக்கும் அது ஈபிதான்.

வாடகைக்கு இருக்கிறவர் தன் பேரிலேயே கனெக்ஷன் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். 43-ஆம் பிரிவு வீட்டின் உரிமையாளர் அல்லது குடியிருப்பவர் என்றே சொல்கிறது. தமிழ்நாடு மின் பகிர்மான விதித்தொகுப்பில் அதற்கு ஒரு கொக்கி உண்டு. வீட்டுக்காரர் ஐந்தாம் எண் படிவத்தில் சம்மதக் கடிதம் கொடுத்தால் வழக்கமான டெபாசிட். அவர் கொடுக்க மறுத்தால், அல்லது ஊரிலேயே இல்லையென்றால், நீங்கள் சட்டப்படி குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டி, நஷ்டம் வந்தால் நானே பொறுப்பு என்று ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, இரண்டு மடங்கு டெபாசிட் கட்ட ஒப்புக்கொள்ள வேண்டும். டெபாசிட்டைத் தவிர்க்க வழி தேடிப் போனவருக்கு இரட்டை டெபாசிட்! வீட்டுக்காரரோடு மல்லுக்கு நின்று வாங்குகிற கனெக்ஷன் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வீட்டில்தானே நாளைக்கும் தண்ணீர் பிடிக்கணும்.

எட்டு ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் காசு உண்மையில் கரைகிற இடம் இதுதான். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு சர்வீஸுக்கும் ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சின்னக் குடும்பம், ஃபேன், டிவி, ஃப்ரிட்ஜ் என்று 200 யூனிட் எரித்தால், தனி சர்வீஸில் உங்கள் பில் 250 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே 200 யூனிட்டுக்குச் சப் மீட்டரில் எட்டு ரூபாய் வீதம் 1,600. வருடத்துக்கு ஆறு பில். டெபாசிட்டுக்குப் பயந்து சப் மீட்டரை ஒத்துக்கொண்டால், திரும்பி வருகிற பணத்தை மிச்சம் பிடித்துத் திரும்பாத பணத்தைக் கொடுக்கிறீர்கள்.

வீட்டுக்காரரை முழுக்கக் கொள்ளைக்காரர் என்றும் சொல்லிவிட முடியாது. நாலு போர்ஷனும் ஒரே சர்வீஸில் ஓடினால் மொத்தம் 800 யூனிட் ஆகிறது. யூனிட் ஏற ஏற விலையும் ஏறுகிற கட்டணம் என்பதால் அவருக்கு வரும் பில் ஐயாயிரத்தை ஒட்டி நிற்கும். நூறு யூனிட் இலவசமும் நாலு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தடவைதான். இதே நாலு பேருக்கும் தனித்தனி சர்வீஸ் இருந்தால் நாலு பில்லும் சேர்த்தே ஆயிரத்தைத் தாண்டாது. ஆனாலும் ஐயாயிரத்துக்கு வாங்கி, எட்டு ரூபாய் வீதம் 6,400-க்கு விற்கிறார் இல்லையா, அந்த வித்தியாசத்தைக் கேட்டால் "மோட்டார் ஓடுதுங்களே, வாசல் லைட்டு எரியுதுங்களே" என்பார். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அதனால் நான் சொல்கிற வழி, வீட்டுக்காரரிடம் இந்தக் கணக்கையே ஒரு பேப்பரில் போட்டுக் காட்டுங்கள். உங்கள் போர்ஷனுக்கு அவர் பேரிலேயே தனி சர்வீஸ் எடுக்கச் சொல்லுங்கள். வாடகைக்காரர் பேரில் ஈபி கார்டு போனால் நாளைக்கு வீட்டையே சொந்தம் கொண்டாடுவார்களோ என்ற பயம் இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அதிகம். அவர் பேரில்தான் என்றதும் முகம் மாறும். போர்ஷனுக்குத் தனி வாசலும், நடுவில் நிரந்தரச் சுவரும், வயரிங்கும் தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். பலகைத் தடுப்பைக் காட்டித் தனி சர்வீஸ் கேட்டால் பார்வைக்கு வருகிறவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டெபாசிட்டை நீங்கள் போடுகிறீர்கள் என்றால் அது வாடகை அட்வான்ஸோடு சேர்ந்ததாக எழுதிக்கொள்ளலாம். அட்வான்ஸிலிருந்தே அவரைக் கட்டச் சொல்வது அதைவிட நல்லது. அப்படிச் செய்தால் உங்கள் கையிலிருந்து தனியாக டெபாசிட் என்று எதுவும் போகாது. நீங்கள் கேட்ட "டெபாசிட் இல்லாத கனெக்ஷன்" நடைமுறையில் இதுதான்.

இன்னொரு குறுக்கு வழியையும் யாராவது சொல்வார்கள், முன்னாலேயே எச்சரித்து விடுகிறேன். ஊருக்கு வெளியே தோட்டத்துச் சாளையை, அதாவது தோட்டத்து வீட்டை, வாடகைக்கு விட்டு, "கிணத்து மோட்டார் லைன்லருந்து இழுத்துக்கலாம், அது ஃப்ரீதானுங்க" என்பார்கள். அந்த இலவசக் கரண்ட் சும்மா வந்தது இல்லை. 1970-இல் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்துத் திரண்ட விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்துப் போராட்டங்களுக்கெல்லாம் பிறகு, 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் ஆனது. பாசனத்துக்குக் கொடுத்ததை வீட்டு ஃப்ரிட்ஜுக்கும் கிரைண்டருக்கும் இழுத்தால் 126-ஆம் பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட்டுத் தீட்டுவார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுவார்கள். தோட்டக்காரருக்கு அந்த சர்வீஸே சிக்கலாகும். நான் அந்த வேலைக்கு வயரைத் தொடுவதே இல்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த வீட்டு சர்வீஸ் நம்பரை வாங்கி, பாக்கி இருக்கிறதா என்று ஆன்லைனில் பார்த்துவிடுங்கள். கோவைப் பகுதி நம்பர் 03 என்றும் ஈரோட்டுப் பகுதி 04 என்றும் தொடங்கும். பழைய பாக்கி வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். கேரளத்து வழக்கு ஒன்றில் 2023-இல் உச்ச நீதிமன்றமும், முந்தைய உரிமையாளர் வைத்துவிட்டுப் போன பாக்கியைக் கட்டச் சொல்லி விதி இருந்தால் புதுக் கனெக்ஷனுக்கு அதை நிபந்தனையாக வைக்கலாம் என்று சொல்லிவிட்டது.

வாடகைப் பத்திரத்தில் கரண்ட் பற்றி ரெண்டு வரி கட்டாயம் எழுதி வாங்குங்கள். காப்புத்தொகை யார் போட்டது, காலி செய்யும்போது வீட்டுக்காரர் அதை உங்களுக்குத் தர வேண்டுமா என்பது ஒன்று. நடுவில் ஏசிசிடி வந்தால் யார் கட்டுவது என்பது இன்னொன்று. மூவாயிரம் கேட்டவரிடம், பணம் கட்டிய ரசீது என் போனுக்கு நேரடியாக வருமா என்று மட்டும் கேளுங்கள், அப்புறம் அவரே கூப்பிட மாட்டார்.