கஸ்டமர் இன்ஜினியர் வேலை: கோடிங் கையை விட்டுப் போய்விடுமா?

கேள்வி: குடியாத்தத்தில் தமிழ் வழியில் படித்து, வேலூரில் பி.இ. முடித்தேன். நான்கு வருடமாகச் சென்னையில் பேக்எண்ட் டெவலப்பர், அதாவது சர்வர் பக்கத்து கோடிங். இப்போது பெங்களூரில் ஒரு பெரிய கிளவுட் நிறுவனம் (கணினி வசதியை இணையம் வழியே வாடகைக்குத் தருவது) ‘கஸ்டமர் இன்ஜினியர்’ வேலைக்குக் கூப்பிடுகிறது. “கால் சென்டருக்குப் போகவா இவ்வளவு படிச்சே?” என்கிறார் அப்பா. எனக்கோ கோடிங் மறந்துவிடுமோ, என் ஆங்கிலம் போதுமோ என்று பயம். போகலாமா?

பதில்: முதலில் அந்தப் பதவிப் பெயரை நம்பாதீர்கள். கம்பெனிக்குக் கம்பெனி அது வேறு வேலை. கூகுள் கிளவுடில் கஸ்டமர் இன்ஜினியர் என்றால் பெரும்பாலும் விற்பனைக் குழுவோடு போய், வாங்க யோசிப்பவருக்கு டிசைன் போட்டு, டெமோ காட்டுகிறவர். அமேசானில் அதற்கு நெருக்கமான பெயர் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட். மைக்ரோசாஃப்டிலோ, ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குத் துணை நிற்பவர்களுக்குக் கஸ்டமர் இன்ஜினியர் என்ற பெயரை வைத்திருந்தார்கள். சில இடங்களில் அது டிக்கெட் (வாடிக்கையாளர் பதியும் புகார்) எடுத்து மூடும் சப்போர்ட் வேலையேதான்.

ஆகவே ஹெச்.ஆரிடம் கேளுங்கள்: வருடக் கடைசியில் என்னை எதை வைத்து அளப்பீர்கள்? விற்பனை டார்கெட் என்றால், சம்பளத்தில் ஒரு பங்கு அந்த டார்கெட்டோடு ஏறும், இறங்கும். ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு என்று பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள், மொத்த சி.டி.சி.யை (எல்லாம் சேர்த்து கம்பெனி சொல்லும் வருடத் தொகை) நம்பி வீட்டு லோன் கணக்குப் போடாதீர்கள். மூடிய டிக்கெட் எண்ணிக்கைதான் அளவு என்றால், அப்பா சொல்வதில் பாதி உண்மை.

இனி கோடிங். தினமும் எழுதுவது குறையும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பிரச்சினையைத் துருவும் திறமை நன்றாக வளரும். 2024 ஜூலை 19 நினைவிருக்கிறதா? நம் நேரப்படி காலை ஒன்பதரை மணி வாக்கில் க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன. அப்டேட் மைக்ரோசாஃப்டுடையது அல்ல. ஆனால் விமானத்தில் பயணிகளை ஏற்றி அனுப்ப முடியாமல் தவிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் எதற்கு? தீர்வு என்னவோ சின்னது: சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை) போய் ஒரு ஃபைலை அழிப்பது. மெஷினே எழுந்திருக்காதபோது அதைத் தூரத்திலிருந்து செய்ய முடியாமல், பெரும்பாலும் ஒவ்வொன்றாகக் கையால் செய்ய வேண்டியிருந்தது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட கணினிகளுக்கு ரெகவரி கீ வேறு தேட வேண்டும். எந்த சர்வரை முதலில் எழுப்புவது, எது நாளை வரை காத்திருக்கலாம், மேலதிகாரிக்கு என்ன சொல்வது என்று அன்று வாடிக்கையாளரோடு உட்கார்ந்து வரிசை போடுவது இந்த வேலையில் இருப்பவர்களின் பொறுப்பு. அதைக் கால் சென்டர் என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில் வங்காளத்திலிருந்து வந்த நோயாளி “வயிறு சரியில்லை” என்றால், டாக்டர் உடனே மாத்திரை எழுதுவதில்லை. எப்போதிருந்து, எந்தப் பக்கம், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறார். “சைட் ஸ்லோவா இருக்கு” என்ற வாடிக்கையாளரிடமும் அப்படித்தான். எல்லோருக்குமா, சிலருக்கா? எப்போதிருந்து? அதற்கு முன் எதையாவது மாற்றினீர்களா? டி.என்.எஸ். (சைட் பெயரை முகவரி எண்ணாக மாற்றுவது), நெட்வொர்க், அப்ளிகேஷன், டேட்டாபேஸ் என்று எங்கே நேரம் போகிறது? இன்டர்வியூவிலும் இப்படி ஒரு கேள்வி வர நல்ல வாய்ப்பு உண்டு. தீர்வைக் கடகடவென்று கொட்டுகிறவரைவிட, இந்தக் கேள்விகளைக் கேட்கிறவரைத்தான் நான் எடுப்பேன்.

கைப்பழக்கம் துருப்பிடிப்பது வாடிக்கையாளரிடம் பேசுவதால் அல்ல, ஸ்லைடு மட்டுமே போட்டுக்கொண்டிருப்பதால். சோதனை செய்ய சொந்த கிளவுட் அக்கவுண்ட் தருவார்களா, வாடிக்கையாளருக்காக மாதிரி கோட் எழுதிக் கொடுக்கலாமா, பிறகு இன்ஜினியரிங் குழுவுக்கு மாறியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஆங்கிலம் பெரிய விஷயமில்லை. உச்சரிப்பை யாரும் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் பார்க்கிறார்கள். என்ன நடந்தது, இதுவரை என்ன செய்தோம், அடுத்து என்ன, மறுபடி எத்தனை மணிக்குச் சொல்வோம் என்று நான்கு வரியில் ஒரு மெயில் எழுத இப்போதே பழகுங்கள். “தெரியவில்லை, நான்கு மணிக்குள் சொல்கிறேன்” என்று சொல்லி, மூன்றே முக்காலுக்குக் கூப்பிடுகிறவரை வாடிக்கையாளர் கைவிட மாட்டார். பதில் கிடைக்காவிட்டாலும் அந்த நேரத்தில் கூப்பிட வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

நேரத்தையும் கேளுங்கள். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. வாடிக்கையாளர்கள் இந்தியாவிலா, அமெரிக்காவிலா என்பதைப் பொறுத்து உங்கள் இரவுச் சாப்பாடு முடிவாகும். ஆன்-கால் முறை (எந்நேரம் அழைத்தாலும் எடுக்க வேண்டிய பொறுப்பு) எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும்? அந்த வாரம் குடியாத்தம் போகும் திட்டம் வேண்டாம். ரயிலில் சிக்னல் போய்ப் போய் வரும். அழைப்பு சரியாக அப்போதுதான் வரும்.

விற்பனை டார்கெட் சின்னதாகவோ இல்லாமலோ இருந்து, சொந்தமாகச் சோதித்துப் பார்க்க இடமும் கொடுத்தால் தாராளமாகப் போங்கள். கையெழுத்துப் போடும் முன் அந்தக் குழுவில் இரண்டு வருடமாவது இருந்த ஒருவரோடு அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேளுங்கள். பேச விடாமல் இழுத்தடித்தால் சென்னை வேலையிலேயே இருங்கள்.