சினை இருந்தும் குளத்தில் குஞ்சு இல்லையே?

கேள்வி: மூன்று வருடமாகக் குளத்தில் நிற்கும் கட்லா, ரோகு எல்லாம் வயிறு நிறையச் சினையோடு இருக்கின்றன. குஞ்சு ஒன்றைக்கூடக் காணோம். ஜிலேபிக் கெண்டை மட்டும் தானாகப் பெருகுகிறது. ஊசி போட்டால் முட்டையிடும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: உங்கள் மீனில் குறை எதுவும் இல்லை ஐயா. கட்லாவும் ரோகுவும் ஆற்று மீன்கள். மழைவெள்ளம் கரையேறி, கலங்கல் தண்ணீர் பரவும் இடம் பார்த்து முட்டையிடும் இனம். குளத்தில் நல்ல தீனியும் கோடை வெயிலும் இருந்தால் சினை பிடித்துவிடும். ஆனால் முட்டை உதிர வேண்டுமானால், வெள்ளம் வந்துவிட்டது என்று மூளைக்குத் தெரிய வேண்டும். அதுவரை டோபமைன் என்ற பொருள், முட்டையை உதிர்க்கச் சொல்லும் பிட்யூட்டரி சுரப்பியை (மூளைக்கு அடியில் இருப்பது) பூட்டியே வைத்திருக்கும். சீசன் முடிந்தால் சினை வயிற்றுக்குள்ளேயே கரைந்துபோகும். ஜிலேபிக்கு இந்த வெள்ளக் கணக்கே கிடையாது. குளத்தடியில் குழி பறித்து முட்டையிட்டு, அதை வாயில் வைத்து அடைகாக்கும்.

வெள்ளம் செய்யும் வேலையைத்தான் ஊசி செய்கிறது. 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி பிட்யூட்டரிச் சாற்றை ஏற்றி இந்தக் கெண்டை இனங்களை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இப்போது மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறோம். இப்போது கடையில் கிடைக்கும் ஓவாப்ரிம் போன்ற மருந்தில் மூளை ஹார்மோனை ஒத்த பொருளும், டோபமைன் பூட்டைத் திறக்கும் டோம்பெரிடோனும் சேர்ந்தே இருக்கும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஊசி சினையை உண்டாக்காது. முதிராத மீனுக்குப் போட்டால் மருந்தும் வீண், சில சமயம் மீனும் வீண். பெண்மீனின் வயிறு மெத்தென்று இருக்க வேண்டும். முட்டை வரும் துவாரம் சிவந்து தடித்திருக்க வேண்டும். ஆண்மீனின் மார்புத் துடுப்பைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். வயிற்றை லேசாக அழுத்தினாலே பால் (விந்து) கசியும். கசியவில்லையா, அதைத் திருப்பி விட்டுவிடுங்கள்.

மழை பெய்து தண்ணீர் குளிர்ந்த ஒரு நாள் மாலையில் போடுங்கள். வெப்பம் 26 முதல் 31 டிகிரிக்குள் இருக்கட்டும். ஓவாப்ரிம் என்றால் கிலோவுக்குப் பெண் கட்லாவுக்கு 0.4 முதல் 0.5 மி.லி., பெண் ரோகுவுக்கு 0.3 முதல் 0.4 மி.லி., ஆணுக்கு 0.1 முதல் 0.2 மி.லி. போதும். முதல் தடவை பழகியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்லா அடம்பிடிக்கும், ரோகுவில் ஆரம்பியுங்கள்.

ஊசி போட்ட மீன்களை ஹாப்பாவில், அதாவது தண்ணீரில் கட்டும் துணித் தொட்டியில் விட்டு, விடிந்ததும் அதில் கைவிட்டு முட்டையை அள்ளிப் பாருங்கள். கண்ணாடி மணிபோல் தெளிவாக இருப்பது கருப்பிடித்தது, வெள்ளையாக இருப்பது கருப்பிடிக்காதது. பாதிக்கு மேல் வெள்ளை என்றால், மருந்தைக் குறை சொல்வதற்கு முன் நீங்கள் பிடித்த ஆண்மீனைச் சந்தேகப்படுங்கள்.