சரியான நேரத்துக்கு வந்தும் பெயர் கெட்டது கெட்டதுதானா?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் வாரத்தில் அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்ததால் இரண்டு நாள் தாமதமாகப் போனேன். அதன்பின் ஆறு மாதமாக ஒரு நாளும் தாமதமில்லை. ஆனாலும் மேலாளர் காலையில் என்னைப் பார்த்தாலே, "இன்று மழைதான் வரப்போகிறது" என்கிறார். இந்தப் பெயரை எப்படி மாற்றுவது?

பதில்: நீங்கள் நேரத்துக்கு வந்த நாட்களை அவர் எண்ணிக்கொண்டிருப்பார் என்று நம்புகிறீர்கள். மனம் அப்படி வரவு செலவுக் கணக்கு எழுதுவதில்லை.

சமூக உளவியலாளர் சாலமன் ஆஷ் 1946இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவரைப் பற்றி அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி என ஏழு குணங்களை வாசித்துக் காட்டினார். ஒரு குழுவுக்கு அந்த ஏழில் ஒன்று 'அன்பானவர்'. இன்னொரு குழுவுக்கு அதே இடத்தில் 'ஒட்டுதல் இல்லாதவர்'. மற்ற ஆறும் அப்படியே. இவர் தாராள மனம் உள்ளவரா என்று கேட்டபோது முதல் குழுவில் 91 சதவீதம் பேர் ஆம் என்றனர். இரண்டாவதில் 8 சதவீதம் பேர்தான். ஒரே சொல் மற்ற சொற்களின் பொருளையே திருப்பிவிட்டது. இன்னொரு சோதனையில் வேறொரு குணப் பட்டியலை வரிசை மாற்றிப் படித்தபோதும் முதலில் வந்தவையே ஓங்கி நின்றன. உங்கள் மேலாளருக்கு முதலில் வந்தது அந்த இரண்டு நாள்.

போதாக்குறைக்கு, பிறர் செய்கைக்கு அவர் சூழ்நிலையை விட்டுவிட்டு அவர் குணத்தையே காரணமாக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. நாம் தாமதமானால் பஸ் வரவில்லை. அடுத்தவர் தாமதமானால் சோம்பேறி. உளவியலாளர் லீ ராஸ் 1977இல் இதை அடிப்படைப் பிழை என்றே குறிப்பிட்டார்.

ஆகவே மருத்துவமனை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லையென்றால் ஒருமுறை, இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அது மட்டும் போதும் என்று எதிர்பார்க்காதீர்கள். காரணம் தெரிந்த பிறகும் பழைய எண்ணம் ஓரளவு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

நேரத்துக்கு வருவது எல்லோரும் செய்ய வேண்டியது. அதனால் அது உங்களைப் பற்றி அவருக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. யாரும் கேட்காமலே முந்திச் செய்வதுதான் கண்ணில் படும். 20ஆம் தேதி தாக்கல் செய்ய வேண்டிய ஜிஎஸ்டி கணக்கை 16ஆம் தேதியே சரிபார்த்து, பொருந்தாத பில்களைத் தனியாகக் குறித்து அவர் மேசையில் வையுங்கள். இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தால், 'ஏதோ ஒருநாள் செய்தார்' என்று அவரால் ஒதுக்கிவிட முடியாது. மின்னஞ்சலில் அனுப்புவதைவிட நேரில் கொடுப்பது நல்லது. அவரைக் குளிர்விக்க இனிப்புப் பொட்டலத்தோடு போவதில் எனக்கு உடன்பாடில்லை. அது வேறு சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

ஒரு கேலியை வைத்து அவர் மனத்தில் இருப்பது இதுதான் என்று நீங்களும் தீர்மானித்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. சிலருக்கு அது வெறும் வாய்ப்பழக்கம். பணி மதிப்பீட்டில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். குறை எதுவும் இல்லையென்றால் மழை வசனத்துக்குச் சிரித்துவிட்டுப் போய் உட்காருங்கள். நேரம் தவறுபவர் என்று எழுதியிருந்தால், வருகைப் பதிவின் நகலைக் காட்டித் திருத்தித் தரும்படி கேளுங்கள். அதற்குத் தயங்க வேண்டியதில்லை.